யாரும் வராத அறையில் உட்கார்ந்திருப்பது

கண்ணு,

நேற்று சாயங்காலம் உன்னோடு போனில் பேசியதிலிருந்து நான் கண் மூடவில்லை. “நாலு நாளாப் போயி உக்காந்து பாத்துட்டேம்மா. ஒருத்தரும் வரல. நாளையில இருந்து கீழ போகல, வூட்டுலயே வேலையப் பாத்துக்கறேன்” என்று சாதாரணமாகத்தான் சொன்னாய். நானும் சாதாரணமாக, “சரி கண்ணு, சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது மலையாகக் குவிந்து கிடக்கும்போது சாப்பிட்டாயா என்று கேட்டுத் தப்பித்துக்கொள்வது எனக்குப் பழகிப்போன குணம். இன்று விடிந்ததும் உங்கப்பா காட்டுக்குத் தண்ணி பாய்ச்சக் கிளம்பிப் போனார். நான் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் பழைய அங்கன்வாடி நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைத்துவிடாதே. நம் ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வரும் பிள்ளைகளின் அம்மா அப்பாவும் இதைப் படித்தால் நல்லது என்று எனக்கு ஆசை உண்டு. ஆனால் முதலில் நீ படி. வேண்டாம் என்று நீ சொன்னால் இந்த நோட்டோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ இப்போது ஐதராபாத்தில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறாய். கல்யாணமாகி மூன்று மாதம். நித்யா காலையில் பேங்க் வேலைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறாள். அதுவரை நீயும் உன் லேப்டாப்பும்தான். கீழே அபார்ட்மென்ட் அசோசியேஷன் ரூம் சும்மா கிடக்கிறது, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பகலில் அங்கே வந்து சேர்ந்து உட்காரலாம் என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன் என்று நீ சொன்ன அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இப்போது அதை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறேன் என்கிறாய். உனக்கு அது சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதை உன்னிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

கொரோனா சமயத்தில் நீ பெங்களூரிலிருந்து இரண்டு பையோடு பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து இறங்கினாய். அப்புறம் கம்பெனி, நீ இனிமேல் ஆபீசுக்கு வரவே வேண்டாம், ஊரிலிருந்தே வேலை பார் என்று சொல்லிவிட்டது. எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஒரே பிள்ளை, படித்து, பெரிய வேலையில் இருந்துகொண்டு, என் தலைக்கு மேல் மாடி அறையிலேயே இருக்கிறான் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் சந்தோஷம் இருக்காது? உன் வேலைக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது என்று நான் காவல் காக்க ஆரம்பித்தேன். தெருவில் பந்து விளையாடிய பிள்ளைகளை அடுத்த தெருவுக்கு விரட்டினேன். உன்கூடப் படித்த வேலு ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பானே, ஞாபகம் இருக்கிறதா? “மீட்டிங்குல இருக்கான்பா, அப்புறம் வா” என்று அவனை நான்தான் திருப்பி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஏது மீட்டிங்? நீ தூங்கட்டும் என்று சொன்ன பொய் அது. நாலு வாரம் வந்தான். ஐந்தாவது வாரம் வரவில்லை. வேலு ஏன் வருவதில்லை என்று நீ ஒரு தடவை கேட்டாய். அவனுக்கு வேலை இருக்கும் என்றேன். உன்னை அந்த அறையில் வைத்துப் பூட்டியது உன் கம்பெனி இல்லை, கண்ணு. நான்தான்.

சோற்றைத் தட்டில் போட்டு மாடிக்குக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் இறங்கிவிடுவேன். நீ காதில் மாட்டிக்கொண்டு யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பாய். எத்தனை பேரோடு பேசுகிறான் என் பையன் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். அந்தப் பேச்சு எல்லாம் வேலை, வேலை முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நொடியில் காணாமல் போய்விடுவார்கள், மிச்சமிருப்பது நீயும் நாலு சுவரும்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. தட்டில் பாதிச் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் வந்தது. முப்பது வருஷம் அங்கன்வாடியில் டீச்சராக இருந்தவள் நான். ஒரு பிள்ளை இரண்டு நாள் வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் அதன் வீட்டுக்கே போய் என்ன ஏது என்று கேட்டவள். என் வீட்டு மாடியில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்ததை வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் நீயாகவே இறங்கி வந்து சமையல்கட்டு வாசலில் நின்றாய். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். “என்ன கண்ணு, காப்பி வேணுமா?” என்றேன். “ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்” என்றாய். கொஞ்ச நேரம் நின்றாய். “மீட்டிங் இருக்கும், போ போ” என்று நானே உன்னைத் திருப்பி மேலே அனுப்பினேன். அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு உன்னை உட்காரச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று இந்த மூன்று வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த வாரம்தான் அது நடந்தது. உன் நாற்காலியின் சக்கரம் தரையில் உருளும் சத்தம் பகல் முழுக்கக் கீழே கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று காலையிலிருந்து அந்தச் சத்தம் இல்லை. மத்தியானம் தட்டோடு மேலே வந்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே நீ இல்லை. லேப்டாப்பில் யாரோ உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. உன் போன் மேஜைமேல் இருந்தது. கட்டிலில் உன் துணிகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து அடுக்கியிருந்தன. பிறந்ததிலிருந்து ஒரு சட்டையைக்கூட நீ மடித்து வைத்தவன் இல்லை. அந்த நேரம் உங்கப்பா படியேறி வரும் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் துணிகளை எல்லாம் அவசர அவசரமாகக் கலைத்துக் கட்டிலில் வாரிப் போட்டேன். அவர் பார்க்கக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். அவர் பார்த்துவிட்டால் நான் நினைப்பது நிஜமாகிவிடும் என்று பயம். இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் இப்போதுதான் சொல்கிறேன்.

“எங்க போனான்?” என்றார் உங்கப்பா. “கடைக்குப் போயிருப்பான்” என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் திரும்பினார். எங்கே போய்ப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் செருப்பில் நம் காட்டுக் கிணற்றடியின் ஈரச் சேறு அப்பியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் அக்கா போன் செய்து, “டீச்சர், தம்பி காலைல பொம்மிடி பஸ் ஏறுச்சே, வூட்டுல சொல்லிட்டுத்தான் போச்சா? மொகமே சரியில்லைங்க” என்றாள்.

பொம்மிடி என்றதும் எனக்கு ரயில் தவிர வேறொன்றும் மனதில் வரவில்லை. உங்கப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன அந்தத் தூரம் முழுக்க நான் சாமியைக்கூடக் கும்பிடவில்லை. ஏதாவது ஹாரன் சத்தம் கேட்கிறதா, தண்டவாளத்தின் பக்கம் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். எங்களைப் பார்த்ததும், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி எழுந்து நின்றாய். “இங்க என்னப்பா பண்ற?” என்று உங்கப்பா கேட்டார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. “சும்மாதாம்பா. ஜனங்களப் பாக்கலாம்னு வந்தேன். ஒவ்வொரு வண்டி வரப்பவும் எறங்கறாங்க, ஏறறாங்க, பேசிக்கறாங்க. அதப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்” என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. நீ சொன்னது நிஜமா, முழுசா, பாதியா என்று எனக்குத் தெரியாது. “சாப்ட்டியா?” என்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு தர்மபுரிக்கு டாக்டரிடம் போனது உனக்கே தெரியும். நீ முரண்டு பிடிக்காமல் வந்தாய், அதற்கு இன்றும் உனக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் நீ வெளியே மாத்திரை வாங்கப் போன நேரம் அந்த டாக்டரம்மா என்னிடம் கேட்டது உனக்குத் தெரியாது. “மாத்திரை அது வேலையப் பாக்கும்மா. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் இவரு எத்தன பேரு மொகத்தப் பாக்கறாரு? போன்ல இல்ல, நேருல.” நான் விரல் விட்டு எண்ணினேன். நான் ஒன்று. உங்கப்பா இரண்டு. மூன்றாவது விரலை மடக்க எனக்கு ஆள் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் ஊரில் இப்படி நீ ஒருத்தனாகவா இருப்பாய்? கொரோனாவில் வந்து அப்படியே தங்கிவிட்ட பிள்ளைகள் வேறு இருக்க மாட்டார்களா? மறுநாளே நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணக்கெடுக்க வருஷா வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிய கால்கள்தானே இவை. இந்தத் தடவை, “உங்க வூட்டுல கம்ப்யூட்டர்ல வேலை பாக்கற புள்ள யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டேன். பாதிப் பேர் மறைத்தார்கள். வீட்டிலிருந்து வேலை என்றால் வேலை போய்விட்டது என்று ஊர் பேசும், வரன் அமையாது என்று பயம். மாதா கோயில் தெருவில் ஜெனிட்டாவின் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, “எம்மவ சென்னையில இருக்காங்க டீச்சர்” என்று சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே ஜெனிட்டா இங்கிலீஷில் பேசும் சத்தம் கேட்டது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. என்னைப் போல இன்னொருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டில் உன்னையும் சேர்த்து ஒன்பது பேர் சேர்ந்தார்கள். இவர்களை எங்கே உட்கார வைப்பது? அப்போதுதான் மாணிக்கம் அண்ணனுடைய கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. முகூர்த்த நாள் தவிர மற்ற நாளெல்லாம் அதன் சாப்பாட்டு ஹால் பூட்டித்தானே கிடக்கிறது? நீள நீளமான மேஜை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. மாணிக்கம் அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “ஆம்பளப் பசங்களும் பொம்பளப் புள்ளைங்களும் பகலெல்லாம் ஒரே ஹாலுல உக்காந்தா நாளைக்கி எவனெவன் வாயிலயோ நான் வுழணும் டீச்சர், என்ன வுட்டுடுங்க” என்றார். “நான் வாசல்ல உக்காந்துக்கறேண்ணா. காலைல மொதோ ஆளா வந்து கடைசி ஆளாப் போறேன். யாரு என்ன கேட்டாலும் என்னையக் கேக்கச் சொல்லுங்க” என்றேன். அவர் பேத்தி என் அங்கன்வாடியில் படித்தவள். அந்த முகத்துக்காகச் சாவியைக் கொடுத்தார்.

முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? யாரும் வரவில்லை. நான் இழுத்துக்கொண்டு வந்த நீ மட்டும் அந்த நீள மேஜையின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தாய். முந்நூறு பேர் சாப்பிடும் ஹாலில் ஒற்றை ஆளாக உன்னைப் பார்த்தபோது, இது வீட்டு அறையைவிட மோசமாகப் போய்விட்டதே என்று எனக்குப் பயம் வந்தது. இரண்டாம் நாளும் யாரும் வரவில்லை. “வுடும்மா, யாரும் வர மாட்டாங்க” என்று நேற்று சொன்ன அதே குரலில்தான் அன்றும் சொன்னாய். மூன்றாம் நாள் ஜெனிட்டா வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்கள் தாமாக வந்தார்கள் என்றுதான் நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை கண்ணு. இரண்டாம் நாள் சாயங்காலம் நான் ஜெனிட்டா வீட்டுக்குப் போய் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பொம்மிடியில் உன்னைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லி அழுதேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன், அது தப்புதான். ஆனால் அந்த அம்மா அதைக் கேட்டதும் முகம் வெளிறிப்போய், “எம்மவளும் ரெண்டு மாசமா ராத்திரி பகல் தெரியாம அழுவறா டீச்சர், யாருகிட்ட சொல்றதுன்னே தெரியல” என்றாள். மறுநாள் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். மற்ற வீடுகளுக்கும் அப்படித்தான் ஏறி இறங்கினேன், ஒரே வீட்டுக்கு மூன்று தடவைகூடப் போனேன். மண்டபத்து கேட்டில் நாம் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து ஒருத்தரும் வரவில்லை.

வந்தவர்கள் பேசிக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஒன்பது பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். டீ வைத்துக் கொடுத்தால் அவரவர் இடத்திலேயே குடித்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் மெயின் ரோட்டில் தண்ணிக் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்தது. ஒரே நேரத்தில் ஒன்பது பேரும் தலையைத் தூக்கினீர்கள். “நெட்டு போச்சு!” “எனக்கு பத்து நிமிஷத்துல கிளையன்ட் கால் இருக்குதுங்க!” “உங்க போன்ல டவர் இருக்கா?” ஜெனிட்டா வைத்திருந்த சிம்முக்கு மட்டும், அதுவும் கை கழுவும் இடத்து ஜன்னலோரம் மட்டும், சிக்னல் கிடைத்தது. நீங்கள் ஒன்பது பேரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழாய்களுக்கு நடுவே நெருக்கியடித்து நின்றீர்கள். யார் முதலில், யாருக்கு அவசரம் என்று முறை வைத்தீர்கள். யாரோ தெரியாமல் குழாயைத் திறந்துவிட, உன் சட்டையெல்லாம் நனைந்தது. நீ சிரித்தாய். வாசலில் இருந்த எனக்கு அது யார் சிரிப்பு என்று முதலில் தெரியவில்லை. அவ்வளவு நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். ஒருத்தர் லீவு என்றால் மற்றவர்கள் போன் செய்து விசாரித்தீர்கள். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் உங்களையும் கூப்பிட்டுப் பந்தியில் உட்கார வைத்தார்கள். வேலு மறுபடி உன்னைத் தேடி வந்தான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “அட வுடுங்கம்மா, நாந்தான் அவனுக்கு என்னைய வேணாம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றான். ஆனால் ஒன்று சொல்கிறேன், என் பயம் அன்றோடு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சிரிக்கும்போதும் பயந்தேன். நீ பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் மண்டபத்து கேட்டில் போய் நின்றேன். இப்போது நீ அவ்வளவு தூரத்தில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறாய் என்பதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் நான் நித்யாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். உனக்குத் தெரியாமல்தான். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று ஒரு மனது சொன்னது. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், அதன்பின் நீ என்ன ஆவாய் என்று இன்னொரு மனது நடுங்கியது. “ஒரு தடவ இவன் வூட்டுல சொல்லாம பொம்மிடிக்கு...” என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தெரியும் அத்த. மொதோ நாள் பேசறப்பவே அவரே சொல்லிட்டாரு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு” என்றாள். எல்லாவற்றையும் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்ல முடியாததை நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு அது வலித்தது, நிம்மதியாகவும் இருந்தது. நான் மூன்று வருஷம் வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்த இடத்தில் நீ முதல் நாளே பேசியிருக்கிறாய். என்னைவிட நீ தைரியசாலி.

அந்தத் தைரியத்தில் கொஞ்சத்தைத்தான் இப்போது கேட்கிறேன். நோட்டீஸ் ஒட்டினாய், சரி. அந்தக் கட்டிடத்தில் எத்தனை கதவைத் தட்டினாய்? தெலுங்கு தெரியாது என்று சொல்லாதே. நம் பக்கத்தில் தெலுங்கு பேசுகிற குடும்பங்களோடு பழகி வளர்ந்தவன்தானே நீ, நாலு வார்த்தை வராதா? யாருக்கும் தேவையில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டாதே. ஜெனிட்டாவின் அம்மா எனக்கு முதலில் சொன்ன பதில் என்ன என்று நினைத்துப் பார். தேவை உள்ளவர்கள்தான் முதலில் இல்லை என்பார்கள். அந்தப் பன்னிரண்டு மாடியில் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் துணியை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்களோ, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ உனக்காகப் போக வேண்டாம். அப்படி ஒருத்தர் என்றைக்காவது கீழே இறங்கி வந்து எட்டிப் பார்க்கும்போது அந்த அறையில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதற்காகப் போ.

இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. இந்த நேரத்தில் யார் என்று பதறி எடுத்தேன். நித்யா. குரலைத் தாழ்த்திப் பேசினாள். “அத்த, பேங்குக்குக் கெளம்பற மாதிரி கெளம்பி வந்துட்டேன். ஆனா போகல, லீவு சொல்லிட்டேன். கீழ அந்த ரூம்லதான் உக்காந்திருக்கேன். அவருக்குத் தெரியாது. வாங்கன்னு கூப்பிட எனக்குப் பயமா இருக்கு அத்த. கூப்பிட்டு, வரலன்னு சொல்லிட்டாருன்னா?” நான் என்ன பதில் சொன்னேன் என்றே ஞாபகமில்லை. என்னைப் போலவே இன்னொருத்தி அங்கே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இனிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் பதில் எழுதாதே, போன் செய்யாதே. நான் சாப்பிட்டேனா என்று கேட்காதே. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறு.

அவள் கீழே தனியாக உட்கார்ந்திருக்கிறாள், கண்ணு.

அம்மா